தம்மைத் தாமே வரைந்த கவிஞர்

செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் பிள்ளை கூட்டுதல் என்றொரு வழக்கம் உண்டு. மகப்பேறு வாய்க்காத வீட்டார், தம் மரபைச் சேர்ந்த வேறொரு வீட்டிலிருந்து ஆண் மகவு ஒன்றைச் சுவீகாரமாக ஏற்று, தமக்குகந்த பெயரை அதற்கு இட்டு வளர்ப்பர். வீடும் நிலமும் கொடுக்கல் வாங்கலும் வாரிசின்றி அற்றுப் போகாவண்ணம் காக்கும் ஏற்பாடு அது. பெரியோர்க்கு அது குலநெறி. கூட்டப்பெறும் பிள்ளைக்கோ, ஒரு வீட்டில் ஒரு பெயரோடு உறங்கி, வேறொரு வீட்டில் வேறொரு பெயரோடு விழிப்பதாகும்.

அங்ஙனம் விழித்த சிறுவர்களுள் ஒருவனே பின்னாளில் கவியரசு கண்ணதாசன் எனத் தமிழுலகம் போற்றிய பெருங்கவிஞன் ஆனான்.

காரைக்குடிக்கு அணித்தாக, பிள்ளையார்பட்டியை அடுத்து, சிறுகூடல்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. மலையரசி அம்மன் கோயில் கொண்டுள்ள ஊர் அது. அவ்வூரில் சாத்தப்பனார்க்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் 1927ஆம் ஆண்டு சூன் திங்கள் 24ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. முத்தையா எனப் பெயரிட்டனர். உடன்பிறந்தோர் எண்மர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திப் பொருளீட்டிய நகரத்தார், தேக்கு மரத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் பொலியும் மாளிகைகளை அப்பகுதியெங்கும் எழுப்பியிருந்த காலம் அது. ஆயினும் அந்த மாளிகைகளை அடுத்தே வாழ்ந்த எல்லாரும் செல்வராயிருந்தனர் என்று கொள்ளுதல் தவறு. பெருங்குடும்பத்தின் சுமையைத் தாங்க இயலாது தளர்ந்த வீடுகளும் அங்கு இருந்தன. முத்தையா பிறந்த வீடு அத்தகையது. காரைக்குடியைச் சேர்ந்த பழனியப்பனாரும் சிகப்பி ஆச்சியும் அவனைப் பிள்ளை கூட்டிக்கொண்டனர். அதற்கெனப் பெற்றோர்க்குக் கொடுக்கப்பட்ட தொகை ரூபாய் 7000 என்பது பின்னர் எல்லாரும் அறிந்த செய்தியாயிற்று. காரைக்குடி வீட்டில் முத்தையா, நாராயணன் ஆனான்.

முத்தையா ஒருவன்; நாராயணன் ஒருவன்; இருவரும் ஓருடலில் வாழ்ந்தனர். சிறுகூடல்பட்டிக்குச் செல்லுங்கால் ஒரு பெயர். காரைக்குடி வீட்டில் மற்றொரு பெயர். தன்னைத் தானே சற்று விலகி நின்று காணும் பழக்கம் அச்சிறுவனுக்கு அப்பொழுதே தொடங்கியிருத்தல் கூடும். அவ்வாறு கருதுவதற்கு இடமளிப்பன அவர் பிற்காலத்தில் எழுதிய நூல்களே.

சிறுகூடல்பட்டியிலும் அமராவதிபுதூரிலும் அவர் கற்றது எட்டாம் வகுப்பு வரைதான். அதன்மேல் பள்ளிக்கல்வி இல்லை. 1943ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். கணக்கும் கடிதமும் அவர் உள்ளத்தைப் பிணிக்கவில்லை. அடுத்த ஆண்டே புதுக்கோட்டைப் பகுதியிலிருந்து வெளிவந்த திருமகள் என்னும் இதழில் ஆசிரியப் பொறுப்புக் கிட்டியது. அப்பொழுது அவருக்கு வயது 17. எழுதுவோர்க்கு ஒரு புனைபெயர் வேண்டும் என்பது அக்கால வழக்கம். பாரதியார்க்குத் தாசரெனத் தம்மைச் சொல்லிக்கொண்ட பாரதிதாசனாரும், கம்பதாசன், வாணிதாசன் முதலிய கவிஞரும் புகழ்பெற்று விளங்கிய நாள்கள் அவை. அவ்வரிசையில் நிற்க விரும்பிய இளைஞர் கண்ணதாசன் என்று பெயர் பூண்டார். தாய்தந்தையர் இட்டது ஒன்று, பிள்ளை கூட்டியோர் இட்டது ஒன்று. இம்மூன்றாம் பெயரே தாமாகத் தேர்ந்துகொண்ட முதற்பெயர்.

அது கடைசிப் பெயராக அமையவில்லை. காரை முத்துப் புலவர், வணங்காமுடி, கமகப்பிரியா, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி என அவர் வேறுபல பெயர்களிலும் எழுதினார். இப்பெயர்களை அடுத்தடுத்து வைத்துச் சற்றே நோக்குதல் வேண்டும். காரை முத்துப் புலவர் என்பதில் வளர்ந்த ஊரும் பிறந்தபோது பெற்ற பெயரும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஏடும் எழுத்தாணியும் ஏந்திய பழைய தமிழ்ப் புலவர் ஒருவர் கண்முன் வந்து நிற்கின்றார். வணங்காமுடியோ எவர்க்கும் தலை தாழ்த்தாதவன். துரியோதனனுக்கு வழங்கும் அடைமொழி அது என்பதை மகாபாரதம் அறிந்தோர் உணர்வர். கமகப்பிரியா இசையில் தோய்ந்த உள்ளம். ஒலியால் பெண் பெயர் போலவும் தோன்றுவது. பார்வதிநாதன் சைவர் வீட்டுப் பெயர். ஆரோக்கியசாமி கிறித்தவர் வீட்டுப் பெயர். புலவன், செருக்கன், கலைஞன், அடியவன் என மாந்தருள் காணப்படும் வெவ்வேறு வார்ப்புகளை ஒருவரே அணிந்து பார்த்தார் என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன.

ஒருவர் பலராய் நின்று பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. சங்கப் புலவர் தாம் ஆடவராயினும் தலைவியாயும் தோழியாயும் செவிலியாயும் நின்று பாடினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகித் திருமாலை எண்ணி உருகினார். பாரதியார் கண்ணனைத் தோழனாகவும் தாயாகவும் சேவகனாகவும் கண்டு பாடியபோது, தாமும் அதற்கேற்ப நண்பனாகவும் பிள்ளையாகவும் ஆண்டானாகவும் மாறினார். மேலைநாட்டிலும் இதனையொத்த செய்தி உண்டு. போர்ச்சுக்கல் நாட்டுத் தலைநகரான லிசுபனில் வாழ்ந்த பெர்னாண்டோ பெசோவா (1888–1935) என்னும் கவிஞர், தம் உள்ளத்தில் தோன்றிய வெவ்வேறு கவிஞர்களுக்கு வெவ்வேறு பெயரும் பிறந்த நாளும் தொழிலும் வகுத்தார். அவருள் ஒருவர் மருத்துவர், ஒருவர் பொறியியலார், ஒருவர் மிகுதியாகக் கல்லாத நாட்டுப்புறத்தார். ஒவ்வொருவர் நடையும் வேறு. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் யுங் (1875–1961), வீரன், முனிவன், தாய், குறும்பன் என்றாற்போன்ற பொது வார்ப்புகள் மாந்தர் எல்லார் உள்ளத்தும் ஆழத்தில் உறைகின்றன என்றும், ஒவ்வொருவரும் உலகிற்குக் காட்டும் முகமூடி ஒன்றும் மறைத்து வைக்கும் நிழல் ஒன்றும் உண்டு என்றும் கூறினார். முகமூடியை வரைவது எளிது. நிழலை வரைவோர் சிலரே.

கண்ணதாசன் அச்சிலருள் ஒருவரானது எவ்வாறு என்பதை அறியவேண்டின், அவர் வாழ்வின் இடைப்பகுதியை நோக்குதல் வேண்டும்.

திருமகளை விட்டபின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கிருந்து வெளிவந்த சண்டமாருதம் இதழை நடத்தினார். 1949ஆம் ஆண்டு வெளிவந்த கன்னியின் காதலி என்னும் படத்திற்கு முதன்முதலாகத் திரைப்பாடல் எழுதினார். அதே ஆண்டில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் ஈடுபட்டு, மேடைதோறும் முழங்கினார். கடவுள் இல்லை என்பதே அந்நாளில் அவர் கொள்கை. 1952இல் வெளிவந்த பராசக்தி படத்தில், பாடல் எழுதுவதை விடுத்து ஒரு சிறு வேடம் ஏற்று நடித்தார். அவர் ஏற்ற வேடம் நீதிபதி. பிற்காலத்தில் தம்மைத் தாமே கூண்டிலேற்றி விசாரித்த ஒருவர்க்கு அவ்வேடம் வாய்த்தது வியப்பே.

1953ஆம் ஆண்டு சூலைத் திங்களில், டால்மியாபுரம் என்று வழங்கிய புகைவண்டி நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என மாற்ற வேண்டுமென்று கழகத்தார் போராட்டம் நடத்தினர். கண்ணதாசனும் அதில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிச் சிறை புகுந்தார். மாங்கனி என்னும் சிறு காவியம் அச்சிறையில் பிறந்தது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் சொந்த வட்டாரத்திலேயே சட்டமன்றத்திற்கு நின்று தோற்றார். தென்றல், தென்றல் திரை, முல்லை எனப் பல இதழ்கள் நடத்தினார். படத்தொழிலிலும் இறங்கினார். 1958இல் அவர் எடுத்த மாலையிட்ட மங்கை பொருள் தந்தது. மருது சகோதரர் காலத்துச் சிவகங்கையைக் காட்டும் சிவகங்கைச் சீமையை 1959இல் எடுத்தார். தம் மண்ணின் வரலாறு என்னும் பற்றால் எடுத்த அப்படம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அடுத்து, 1960இல், கவலை இல்லாத மனிதன் என்றொரு படம் எடுத்தார். பெயருக்கு நேர்மாறாக அது அவரைப் பெருங்கடனில் ஆழ்த்திக் கவலையிலேயே வைத்தது.

1961ஆம் ஆண்டில் ஈ.வெ.கி. சம்பத்துடன் அவர் கழகத்தை விட்டு வெளியேறினார். இருவரும் சேர்ந்து நடத்திய தமிழ்த் தேசியக் கட்சி 1964இல் காங்கிரசுடன் இணைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கொள்கைக்காக உழைத்தவர் அதனை விட்டு விலகினால் உலகம் என்ன சொல்லும்? முன்னை நண்பர் துரோகி என்பர். புதிய நண்பரோ இவர் நாளை என் செய்வாரோ என்று ஐயுறுவர். கையில் பொருள் இல்லை, கடன் உண்டு, புகழ் மட்டும் இருந்தது. திரைப்பாடல்களால் நாள்தோறும் வளர்ந்த அப்புகழே அவர்க்கு எஞ்சிய முதல். அம்முதலைக் காத்துக்கொள்ள விரும்பும் எவரும் தம்மைப் பற்றி நல்லனவே எழுதுவர்; அல்லது ஒன்றும் எழுதாதிருப்பர்.

கண்ணதாசன் வனவாசம் எழுதினார்.

ஊரை விட்டுப் புறப்பட்டது முதல் கழகத்தை விட்டு வெளியேறியது வரை, ஏறக்குறைய 1943 முதல் 1961 வரையுள்ள தம் வாழ்வை அந்நூலில் அவர் சொல்கின்றார். தமிழில் தன்வரலாறு எழுதுதல் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரமும் திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளும் நாமக்கல் கவிஞரின் என் கதையும் கற்றோர் அறிந்தவை. அவை யாவும் நான் என்னும் சொல்லால் நடப்பன. வனவாசத்திலோ நான் இல்லை. அவன் என்றே தொடங்கி, அவன் என்றே கதை நடக்கின்றது. அவன் பசித்திருந்தான், அவன் நம்பினான், அவன் ஏமாந்தான், அவன் குடித்தான் என்று, தெருவில் எதிர்ப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசுவார் போல ஆசிரியர் தம்மைப் பற்றிப் பேசுகின்றார். மரியாதைப் பன்மையும் இல்லை. சிறுவயதில் முத்தையாவும் நாராயணனுமாக வாழ்ந்தவர்க்கு இவ்விலக்கம் இயல்பாக வாய்த்தது போலும்.

இவ்வொரு சொல் மாற்றம் செய்யும் வேலை பெரிது. நான் தவறினேன் என்று எழுதுபவர், அதே மூச்சில் ஏன் தவறினேன் என்றும் எழுதத் தொடங்குவர். காரணம் சொல்வது போலத் தம்மை மன்னித்தும் கொள்வர். அவன் தவறினான் என்று எழுதும்போது அந்த இடம் குறைகின்றது. பிறனொருவன் குற்றத்தைக் காணும் கண்ணே தன் குற்றத்தையும் காண்கின்றது. வனவாசத்து அவன் ஒரே வகை மனிதனாகவும் இல்லை. ஓரிடத்தில் எதையும் நம்பும் பேதை. ஓரிடத்தில் தலைவர் பின்னே ஓடும் தொண்டன். ஓரிடத்தில் கைப்பொருளை வாரி இறைக்கும் ஊதாரி. ஓரிடத்தில் தன் தமிழில் தானே மயங்கும் செருக்கன். மதுவுக்கும் புலனின்பத்திற்கும் அடிமைப்பட்ட நாள்களையும் அவர் மறைக்கவில்லை. காந்தியடிகளின் சத்திய சோதனை ஒருவன் எங்ஙனம் வாழ வேண்டும் என்பதைக் காட்டுவதென்றும், தம் வரலாறு எங்ஙனம் வாழலாகாது என்பதைக் காட்டுவதென்றும் அவர் கருதினார்.

ஓவிய உலகில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஆலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669), நாற்பது ஆண்டுக் காலத்தில் தம் உருவத்தைத் தாமே ஏறத்தாழ எண்பது முறை வரைந்தார். இளமையில் கண்ணாடி முன் நின்று சிரித்தும் சினந்தும் வியந்தும் தம் முகத்தைப் பல படச் செய்து வரைந்தார். வளம் பெருகிய காலத்தில் பட்டும் பொன்னும் அணிந்த பெருமகனாகத் தம்மைத் தீட்டினார். 1656இல் கடன் மிகுந்து பொருளெல்லாம் இழந்தார். அதன்பின் அவர் தீட்டிய முகங்களில் தளர்ந்த தசையும் சிவந்த மூக்கும் மறைக்கப்படவில்லை. 1661இல் கிறித்துவின் தூதரான பவுலின் வேடத்தில் தம்மையே வரைந்தார். அங்கும் அதே சுருங்கிய முகம். வேடத்தை மாற்றினாரேயன்றி முகத்தை அழகு செய்தாரில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். தன் முகத்தை உண்மையாக வரைபவன், அருகில் நிற்பவர் முகங்களையும் அதே உண்மையோடு வரைவான் என்பது உறுதியன்று. வனவாசத்தில் முன்னைத் தோழர் சிலரைப் பற்றி வரும் பகுதிகள் பிரிவின் சூடு தணியுமுன் எழுதப்பட்டவை. மனக்கசப்பு அவற்றில் தெரிகின்றது. அவற்றை மறுத்தோரும் உண்டு. தம்மைப் பற்றி அவர் சொல்வதை நம்புவதற்குக் காரணம் உண்டு, அதனால் அவர்க்கு ஊதியம் ஏதும் இல்லை. பிறரைப் பற்றிச் சொல்வதை அவ்வாறே கொள்ள இயலாது. குற்றங்களை ஒளியாது உரைப்பதிலேயே ஒருவகைப் பெருமிதம் தோன்றிவிடுதலும் உண்டு. பேரறிஞர் ரூசோவின் தன்வரலாற்றைப் படிப்போர் இதனை உணர்வர். கண்ணதாசனும் சிலவிடங்களில் அவ்வெல்லையைத் தொட்டு மீள்கின்றார்.

உரைநடையில் அவன் என்று விலகி நின்றவர், திரைப்பாடலில் வேறு வழி கண்டார். படத்தில் வரும் மாந்தர்க்கேற்பப் பாடல் எழுதுவது அவர் தொழில். தாலாட்டும் தாய், காத்திருக்கும் காதலி, வாழ்வில் தோற்றவன், உறவினரால் கைவிடப்பட்டவன், ஞானம் தேடும் துறவி எனப் பலர்க்கும் அவர் சொல் தந்தார். சுமார் ஐயாயிரம் திரைப்பாடல்கள் அவர் எழுதியவை என்பர். இசையமைப்பாளர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மெட்டமைக்க, கவிஞர் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த பஞ்சு அருணாசலம் அங்ஙனம் எழுதிக்கொண்டவருள் ஒருவர். விசுவநாதன் பிறந்ததும் சூன் 24ஆம் நாளே, ஓராண்டு இளையவர். பிறர்க்காக எழுதிய அப்பாடல்களுக்குள் தம் அனுபவத்தையும் அவர் ஒளித்து வைத்தார் என்பதைக் கேட்போர் அறிந்தேயிருந்தனர். 1963இல் வந்த இரத்தத் திலகத்தில் ஒளித்து வைக்கவும் இல்லை. அப்படத்தில் ஒரு பாடற்காட்சியில் அவரே திரையில் தோன்றினார். குரல் டி.எம். சௌந்தரராசனுடையது, உருவம் கவிஞருடையது, பாடலும் கவிஞரைப் பற்றியதே. மதுவும் இசையும் தமிழும் தம் வாழ்வில் பெற்ற இடத்தையும், உடல் அழியினும் தம் பாட்டு அழியாது என்னும் துணிவையும் அதில் பாடினார். அதனைத் தற்புகழ்ச்சி என்று சிலர் குறைகூறினர். வனவாசத்தின் அவனைப் படித்தவர்க்கோ, ஒரே மனிதன் ஒருமுறை கண்ணாடி முன்னும் ஒருமுறை விளக்கின் முன்னும் நின்றது போலத் தோன்றும்.

1968ஆம் ஆண்டில் சிறந்த திரைப்பாடலாசிரியர்க்கென மைய அரசு முதன்முதலாக விருது ஏற்படுத்தியபோது, குழந்தைக்காக என்னும் படத்தின் பாடலுக்காக அது கண்ணதாசனுக்கு அளிக்கப்பட்டது.

அவருடைய மற்றொரு மாற்றம் சமயத்தைப் பற்றியது. கழகத்திலிருந்த நாள்களில், கம்பனை மேடையில் இகழ்ந்துரைக்கும் பொருட்டே அவர் கம்பராமாயணத்தைக் கையிலெடுத்தார். குற்றம் காணப் புகுந்தவர் அதன் சுவையில் அகப்பட்டுக்கொண்டார். ஆழ்வார் பாடல்களும் பட்டினத்தார் பாடல்களும் தொடர்ந்து அவரை ஈர்த்தன. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராயிருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தார் மீது, வணிகர் குடியில் பிறந்து பொருளைக் கையில் நிறுத்த அறியாத இக்கவிஞர் கொண்ட பற்று பெரிது. பின்னர் அவர் பத்துப் பகுதிகளாக எழுதிய அர்த்தமுள்ள இந்துமதம் தமிழர் வீடுகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. அந்நூலிலும் கண்ணாடி கைவிடப்படவில்லை. சமய உண்மைகளை விளக்குமிடத்துச் சான்றாக அவர் காட்டுவது பெரும்பாலும் தம் பிழைகளையே. கெட்டவன் ஒருவன் இதனைச் சொல்கின்றான், கெட்டதன் பயனை அறிந்தவன் ஆதலால் சொல்கின்றான் என்னும் முறையில் அது அமைந்துள்ளது. கடவுளை மறுத்த காலத்தையும் அவர் மறுக்கவில்லை. அதனையும் தம் உருவங்களுள் ஒன்றாகவே வைத்துக்கொண்டார். வாழ்வின் இறுதிக் காலத்தில் இயேசு காவியம் பாடினார். ஆரோக்கியசாமி என்று முன்பொருகால் பெயர் புனைந்தவர் கண்ணதாசனாகவே அக்காவியத்தைப் பாடியது நோக்கத்தக்கது.

அவர் எழுதிய சேரமான் காதலி என்னும் புதினம் 1980ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதினைப் பெற்றது. சேர மன்னனாய்ப் பிறந்து அரியணை துறந்த ஒருவரின் கதை அது. அதற்கு முன்பே, 1978இல், முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் அவரைத் தமிழக அரசின் அரசவைக் கவிஞராக அமர்த்தினார். எம்.ஜி. இராமச்சந்திரனை அரசியலில் கடுமையாகத் தாக்கி எழுதியவர் கண்ணதாசன். அதனை மனத்திற்கொள்ளாது பதவி அளித்தவரின் பெருந்தன்மையும் நினைவுகூரத்தக்கதே.

மாந்தர் தம் உருவத்தைத் தாமே வரையும்போது ஒன்று மட்டும் வரைய முடியாததாய் நின்றுவிடும். அது தம் இறப்பு. கண்ணதாசன் அதனையும் விட்டாரில்லை. உயிரோடிருக்கும்போதே தமக்குத் தாமே இரங்கற்பா ஒன்று பாடி வைத்தார். புலவர் ஒருவர் இறந்தால் மற்றொரு புலவர் பாடும் முறையில் அது அமைந்துள்ளது. அங்கும் அவர் நான் என்னவில்லை. தமிழை இனிக்கச் செய்த ஒருவன் உடல் தீயில் வேகின்றது என்று, சுடலையின் ஓரத்தில் நின்று காண்பவர் போலப் பாடினார். படித்த நண்பர் சிலர் இஃதென்ன அமங்கலம் என்று வருந்தியிருத்தல் கூடும். எழுதியவர்க்கு அது மற்றுமோர் உருவப்படமே.

1981ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுத் தமிழர் அழைப்பை ஏற்று அங்குச் சென்றார். சென்ற இடத்தில் உடல்நலம் குன்றியது. சூலை 24ஆம் நாள் சிகாகோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ மூன்று திங்கள் கழிந்து, அக்டோபர் 17ஆம் நாள், அவருயிர் பிரிந்தது. வயது 54. புறப்படுமுன் மூன்றாம் பிறை என்னும் படத்திற்கு அவர் எழுதிக்கொடுத்த பாடல், மறுஆண்டு படம் வெளிவந்தபோது ஊரெங்கும் ஒலித்தது.

அக்டோபர் 20ஆம் நாள் கவிஞரின் உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. பெருந்திரளான மக்கள் வந்து வணங்கினர். கழகத்தாரும் காங்கிரசாரும், கடவுளை மறுப்போரும் வழிபடுவோரும், வனவாசத்தில் இகழப்பட்டோரும் புகழப்பட்டோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். 22ஆம் நாள் அரசு மரியாதையுடன் உடல் எரியூட்டப்பட்டது. பல ஆண்டுகட்கு முன்பே அவன் என்று கவிஞர் எழுதி வைத்த இரங்கற்பாவை அன்று தமிழர் பலர் அவர் என்று மாற்றி நினைத்துக்கொண்டனர். காரைக்குடியில் அவர்க்கு எழுப்பப்பட்ட மணிமண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர் கண்ணதாசன் என்பதே. சிறுகூடல்பட்டியிலோ, முத்தையா பிறந்த வீட்டைக் காண இன்றும் அன்பர் சென்று வருகின்றனர்.